பெரியப்பா கேட்ட கேள்வி



"குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?"

2023 மே மாதம் தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி காதில் விழாத டீக்கடை இருந்திருக்காது. விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவக் கிராமத்தில், சாராயம் என்று நம்பி மெத்தனாலைக் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு விழுந்தது. இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. முதலமைச்சர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு வந்து, சிகிச்சையில் இருந்தவர்களைப் பார்த்தார். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய், சிகிச்சை பெறுவோருக்கு 50,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் அதே பத்து லட்சம், அதே கேள்வி. அது பொதுநல வழக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது.

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை அந்தக் கேள்வியின் முன் மறுபடி உட்கார வைத்துவிட்டது. எழுதியவர் அனுமந்தையைச் சேர்ந்த கல்லூரி மாணவி. முதலாம் ஆண்டு படிக்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்வருகிறவர். வீட்டுப் பெரியவர்கள் மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கிறார்கள். இந்த ஆண்டு அவருக்கு அறவியல் அறிமுகம் என்று ஒரு பாடம். முதல் வாரமே ஆசிரியர் டிராம் வண்டிக் கதையைச் சொல்லியிருக்கிறார். கட்டுப்பாடு இழந்து ஓடும் டிராம், நேரே போனால் ஐந்து பேர் சாவார்கள், பாதையைத் திருப்பினால் ஒருவர் சாவார், என்ன செய்வீர்கள்? பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் பிலிப்பா ஃபுட் 1967-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பி உலகெங்கும் அறவியல் வகுப்புகளில் வலம்வரும் கதை அது. மாணவி எழுந்து தன் முடிவைச் சொல்லி, காரணமும் சொல்லி, பாராட்டு வாங்கியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் வீட்டில் டிவியில் கள்ளச்சாராய வழக்கு பற்றிய செய்தி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா சொன்னதைக் கடிதத்தில் அப்படியே எழுதியிருக்கிறார்: "குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சம். காலமெல்லாம் வெயில்ல உப்பு வாரிக் கண்ணு மங்கிப்போனவனுக்கு இன்னா குடுத்தாங்க, சொல்லு பாப்பா. நீதான் படிக்கிற புள்ளையாச்சே."

"எனக்கு வாயே வரவில்லை" என்று எழுதுகிறார் மாணவி. "டிராம் வண்டிக்குப் பதில் தெரிந்த எனக்குப் பெரியப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. நான் படிக்கிற பாடத்துக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தம் இருக்கிறதா?"

இருக்கிறது, அம்மா. நிறையவே இருக்கிறது. இந்த மாத ஆசிரியர் பக்கம் முழுக்க உங்களுக்கான பதில்தான். மற்ற வாசகர்களும் கூடவே உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது என் ஆசை. இந்தப் பாடம் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் உரியது என்று நான் நினைக்கவில்லை.

முதல் காரியம், பதில் தேடி ஓடாமல் கேள்வியைப் பிரித்துப் பார்ப்பது. உங்கள் ஆசிரியர் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் 'தெரிந்துகொள்ள வேண்டியது', மறுபக்கம் 'முடிவெடுக்க வேண்டியது' என்று எழுதியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அருமையான பழக்கம். அதே கோட்டைப் பெரியப்பாவின் கேள்விக்கும் போடுவோம்.

தெரிந்துகொள்ள வேண்டிய பக்கத்தில் முதலில் வருவது: அவர்கள் குடித்தது என்ன? ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால். பார்வைக்கும் வாசனைக்கும் சாராயத்திலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். குடித்தவுடன் போதை ஏறும், வழக்கமான போதை போலவே இருக்கும். உடம்பு அதை உடைக்கத் தொடங்கும்போதுதான் ஆபத்து. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கும், ரத்தத்தின் அமிலத்தன்மையை ஏற்றும். பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் கழித்துத்தான் வயிற்று வலியும் பார்வை மங்கலும் தெரியும். அதற்குள் நேரம் போய்விட்டிருக்கும். ஆகவே, சாராயம் குடிக்க முடிவு செய்தவர்கள் விஷம் குடிக்க முடிவு செய்யவில்லை. இந்த ஒரு தகவல் தெரிந்ததும், 'தெரிந்துதானே குடித்தான்' என்கிற வாதத்தின் பாதி பலம் போய்விடுகிறது. பாதிதான் போகிறது. சட்டவிரோதச் சாராயத்தில் ஆபத்து உண்டு என்பது குடித்தவருக்கும் தெரியும் அல்லவா? அந்த மிச்சப் பாதியையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்தது: பணம் யாருக்குப் போகிறது? 'குடிச்சுச் செத்தவனுக்கு' என்று கேள்வி தொடங்குகிறது. செத்தவர் கையில் ஒரு ரூபாயும் போகாது. அது மனைவிக்குப் போகிறது, பிள்ளைகளுக்குப் போகிறது, மகனை நம்பி இருந்த தாய்க்குப் போகிறது. அவர்கள் யாரும் குடிக்கவில்லை. பெரும்பாலும், குடிக்காதே என்று மன்றாடியவர்களும் அவர்கள்தான். கேள்வியைக் கேட்ட விதத்திலேயே ஒரு தீர்ப்பு உள்ளே நுழைந்து உட்கார்ந்துவிட்டது. 'அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்குப் பத்து லட்சமா?' என்று அதையே மாற்றிக் கேட்டுப் பாருங்கள், நெஞ்சு வேறு மாதிரி அசைகிறது. இந்த இரண்டாவது கேள்வியும் முழுக்க நியாயமானது என்று நான் சொல்லவில்லை. அதுவும் நம்மை ஒரு பக்கம் சாய்க்கிறது. நம் நெஞ்சு எந்தச் சொல்லுக்கு அசைகிறது என்று கவனிப்பதுதான் விமர்சனச் சிந்தனையின் முதல் படி.

இப்போது பெரியப்பாவிடம் போய், "பெரிப்பா, அந்தக் காசு செத்தவருக்கா போவுது? அவரு பொண்டாட்டி புள்ளைங்களுக்குத்தானே?" என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிவிட்டு வாதத்தில் ஜெயித்துவிட்டதாக எழுந்து போய்விடாதீர்கள். அவர் திருப்பிக் கேட்பார்: "அப்போ எங்க பொண்டாட்டி புள்ளைங்க?"

இந்தக் கேள்வியில் உண்மையான பாரம் இருக்கிறது. உப்பளத்தில் வேலை செய்கிறவர் பகல் முழுக்க வெள்ளைப் பாத்திகளிலிருந்து எதிரொளிக்கும் வெயிலைக் கண்ணில் வாங்குகிறார். உப்புநீரில் நின்று நின்று காலில் புண் வருகிறது. ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்தி கரைந்து, வேலையும் கரைகிறது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தரும் திட்டம் இப்போது தமிழ்நாட்டில் இருக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனாலும் ஐயாயிரத்தையும் பத்து லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவருக்குக் கோபம் வருவதில் என்ன தப்பு? பட்டாசு ஆலை விபத்துகளில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 2023-ல் மாநில அரசு அறிவித்த தொகை பெரும்பாலும் 3 லட்சம்தான். உழைக்கப் போன இடத்தில் உயிரை விட்டவருக்கு மூன்று, இவருக்குப் பத்து என்கிற ஒப்பீட்டை யாரும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. ஒரே மாதிரியான இழப்புக்கு ஒரே மாதிரியான கவனிப்பு வேண்டும் என்பது நீதியின் மிகப் பழைய கோரிக்கை.

ஆனால் அந்த ஒப்பீட்டிலிருந்து எந்த முடிவு பிறக்கிறது? பத்தை மூன்றாக்கலாம், மூன்றைப் பத்தாக்கவும் செய்யலாம். சமமில்லை என்று சொல்வதாலேயே எந்தப் பக்கம் சரிசெய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடாது. அதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டும். நம் பொது விவாதங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அறுந்துபோகின்றன. ஒப்பீட்டைச் சொல்லி முடித்ததும் கை தட்டல் கிடைத்துவிடுகிறது, அதற்குமேல் யாரும் நடப்பதில்லை.

இன்னொரு வாதமும் அன்று அடிக்கடி காதில் விழுந்தது: "இப்படிக் கொடுத்தால் எல்லாரும் குடிப்பார்கள்." இது அறத்தைப் பற்றிய வாக்கியம் போலத் தெரிகிறது. உண்மையில் இது நடப்பைப் பற்றிய ஒரு கணிப்பு, எனவே கோட்டின் முதல் பக்கத்தில்தான் இதற்கு இடம். தன் சாவுக்குப் பிறகு குடும்பத்துக்கு வரும் பணத்தை எண்ணி ஒருவர் சாராயம் குடிப்பாரா? நம்புவது கடினம். ஆனால் இந்த வாதத்துக்கு வலுவான வடிவம் ஒன்று உண்டு, அதைத்தான் நாம் எதிர்கொள்ள வேண்டும். பெரிய தொகையை அறிவித்துவிட்டால் ஊரின் கோபம் அடங்கிவிடும். மெத்தனால் எந்த ஆலையிலிருந்து வெளியே வந்தது, யார் கண்டும் காணாமல் இருந்தார்கள் என்கிற விசாரணையின் சூடும் ஆறிவிடும். நிவாரணம் பொறுப்புக்கு மாற்றாகிவிடக் கூடாது என்கிற இந்தக் கவலை மிகவும் நியாயமானது. எதிராளி சொன்ன பலவீனமான வாக்கியத்தை அடித்து நொறுக்குவதில் பெருமை இல்லை. அவர் மனத்தில் இருப்பதை அவரைவிடத் தெளிவாக எடுத்து வைத்துவிட்டுப் பதில் சொல்வதுதான் இந்தப் பாடம் கற்றுத்தரும் மரியாதை.

அரசின் பங்கையும் பார்க்க வேண்டும். மெத்தனாலை யார் வைத்திருக்கலாம், எப்படிக் கொண்டுபோகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் 1959-லிருந்தே விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளைக் காக்க அலுவலகங்களும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். விதி இருந்தும் விஷம் குப்பத்துக்கு வந்து சேர்ந்தது என்றால் காவல் எங்கோ தவறியிருக்கிறது. 2003 நவம்பரிலிருந்து மதுவின் சில்லறை விற்பனையும் அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில் இருக்கிறது. மது விற்று வருவாய் ஈட்டும் அரசு, குடித்தவரைப் பார்த்து 'அது உன் சொந்த விருப்பம்' என்று கை கழுவிவிட முடியுமா? இது உணர்ச்சிவசப்பட்ட கேள்வி அல்ல. பொறுப்பு யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கும்போது இதையும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

கோட்டின் மறுபக்கத்துக்கு இப்போது வருவோம். முடிவெடுக்க வேண்டிய இடத்தில் உங்கள் பாடப்புத்தகம் மூன்று வழிகளைக் காட்டும். எதைச் செய்தால் அதிகம் பேருக்கு நன்மை விளையும் என்று விளைவை எண்ணிப் பார்ப்பது ஒன்று; பெந்தாமின் பெயரை அங்கே படிப்பீர்கள். விளைவு எப்படி இருந்தாலும் இது என் கடமையா, இவரை மனிதராக மதிக்கிறேனா என்று கேட்பது இரண்டாவது. அது கான்ட் வழி. இப்படிச் செய்தால் நான் எப்படிப்பட்ட மனிதன் ஆகிறேன் என்று குணத்தைப் பார்ப்பது மூன்றாவது, அரிஸ்டாட்டிலிடமிருந்து வருவது. இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுவது தேர்வுக்கு வேண்டுமானால் உதவலாம். எக்கியார்குப்பத்து விதவை ஒருவரை நினைத்துப் பாருங்கள். அந்தப் பணம் பிள்ளைகளின் படிப்பை நிற்கவிடாமல் காக்கும் என்பது விளைவு. காக்கத் தவறிய அரசு ஈடு செய்ய வேண்டும் என்பது கடமை. துக்க வீட்டு வாசலில் நின்றுகொண்டு 'இவளுக்கு எதற்கு இவ்வளவு' என்று கேட்கும் ஊராக நாம் ஆகிவிடக் கூடாது என்பது குணம். மூன்று கண்ணாலும் பார்த்தால்தான் முழுசாகத் தெரிகிறது.

வள்ளுவரைத் துணைக்கு அழைத்து 'கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே' என்று சிலர் கேட்பார்கள். வைத்திருக்கிறார், மிகக் கடுமையாகவும் பேசுகிறார். அதே நூலில் அருளுடைமை என்றும் ஓர் அதிகாரம் இருக்கிறது. குடியைக் கண்டிப்பதும் குடித்தவரின் பிள்ளைக்குச் சோறு போடுவதும் ஒன்றோடொன்று மோதுவதாக அவர் நினைக்கவில்லை. செயலைப் பற்றிய தீர்ப்பு வேறு, துன்பப்படுகிறவருக்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம் விவாதங்கள் இவ்வளவு சூடாகின்றன.

என் முடிவையும் சொல்லிவிடுகிறேன். உங்களைக் கேட்டுவிட்டு நான் ஒளிந்துகொள்வது முறையாகாது. அந்தக் குடும்பங்களுக்கு உதவி சேர்ந்ததில் எனக்கு மறுப்பில்லை. அந்த உதவி, சம்பாதிப்பவரை இழந்த வீட்டின் தேவையை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். எந்தச் சாவு செய்தியில் பெரிதாக வந்தது என்பதை வைத்து அளக்கக் கூடாது. அப்படி ஓர் அளவுகோல் வைத்தால் பட்டாசுத் தொழிலாளியின் வீடும் உப்பளத் தொழிலாளியின் வீடும் அதற்குள் தானாகவே வந்துவிடும். பெரியப்பாவின் கோபம் போய்ச்சேர வேண்டிய இடம் அந்த விதவையின் வீடு அல்ல, அளவுகோல் இல்லாமல் தொகை அறிவிக்கும் பழக்கம். என் முடிவில் ஓட்டை இருந்தால் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

இந்தப் பாதையில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, 'பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்பது. மற்றொன்று, 'அவரவருக்கு அவரவர் நியாயம்' என்பது. முதலாவது சிந்திக்கும் வேலையை இன்னொருவர் தலையில் வைக்கிறது. இரண்டாவது அந்த வேலையையே வேண்டாம் என்கிறது. அவரவர் நியாயம் என்பது உண்மையானால், மெத்தனால் விற்றவருக்கும் ஒரு நியாயம் உண்டு என்று விட்டுவிட வேண்டியதுதான். அப்படி யாரும் விடத் தயாராக இல்லை. எனவே நியாயங்களில் ஏற்கத்தக்கதும் உண்டு, தகாததும் உண்டு என்பதை நாம் எல்லோருமே உள்ளுக்குள் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதைச் சோதிக்கும் முறையைக் கற்பதுதான் மிச்சம்.

அந்த முறை நமக்கு வெளியூர்ச் சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். மணிமேகலைக் காப்பியத்தின் கடைசிப் பகுதியைப் படித்துப் பாருங்கள். வஞ்சி நகரில் பல சமயத்தாரும் தத்தம் கொள்கையைச் சொல்ல, மணிமேகலை பொறுமையாகக் கேட்கிறாள். பிறகு காஞ்சிக்கு வருகிறாள். அங்கே பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்கு முதலில் கற்றுத்தருவது தருக்கம். எதை அறிவு என்று ஏற்கலாம், ஒரு காரணம் எப்போது காரணம், எப்போது காரணம் போலத் தோன்றும் போலி, எடுத்துக்காட்டு எங்கே பொருந்தாமல் போகிறது என்று வகை வகையாகப் பிரித்துச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் அறம், அதற்குப் பிறகுதான் அவளுடைய நோன்பு. பசித்தவர்க்கெல்லாம் சோறு போட்ட, கருணையில் யாருக்கும் குறையாத அந்தப் பெண்ணுக்கே தருக்கம் தேவைப்பட்டது. நல்ல மனம் இருப்பவருக்கு யோசிக்கும் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தக் காப்பியத்தைத்தான் நான் காட்டுவேன்.

அம்மா, உங்கள் வகுப்பில் எடுத்துப் பேச உங்கள் கடற்கரையிலேயே இன்னும் இரண்டு கேள்விகள் கிடக்கின்றன.

ஒன்று அயோடின் உப்பு. அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும், கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். இதைத் தடுக்க இந்தியாவில் 1962-லேயே தேசியத் திட்டம் தொடங்கியது. 2006 மே 17 முதல், அயோடின் சேர்க்காத உப்பை மனிதர் உண்பதற்காக விற்பது நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. 2011-ல் உச்ச நீதிமன்றம், அந்த விதி அன்றைய உணவுக் கலப்படத் தடைச் சட்டம் தந்த அதிகாரத்துக்குள் அடங்காது என்றது. ஆனாலும் மக்கள் நலனைக் கருதி உடனே நீக்காமல் ஆறு மாதம் தொடரவிட்டது. பிறகு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதே கட்டுப்பாடு தொடர்ந்தது. என் தட்டில் விழும் உப்பை நான் தேர்ந்தெடுக்கக் கூடாதா? பிறக்கப்போகும் குழந்தையின் மூளைக்காக எல்லோருடைய தேர்வையும் கொஞ்சம் சுருக்கலாமா? அயோடின் சேர்க்கும் செலவு பெரிய நிறுவனத்தை எப்படித் தொடும், சிறு உப்பளக்காரரை எப்படித் தொடும்? கோட்டின் இரு பக்கமும் நிரம்பி வழியும் கேள்வி இது.

மற்றது வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் உப்புச் சட்டத்தை மீறுவதற்காகத் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பு அள்ளி ராஜாஜி கைதானார். சட்டத்தை மீறிய அந்த மக்கள் செய்தது சரி என்று இன்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் சாராயம் காய்ச்சி விற்றவரும் சட்டத்தைத்தானே மீறினார்? இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஒருவர் ஊரறியச் சொல்லிவிட்டு மீறினார், இன்னொருவர் மறைத்தார். ஒருவர் தண்டனையை ஏற்க முன்வந்தார், இன்னொருவர் தப்பிக்கப் பார்த்தார். ஒருவர் பிறருக்காக இழந்தார், இன்னொருவர் பிறரை இழக்க வைத்துச் சம்பாதித்தார். இப்படி வேறுபாடுகளை எண்ணிச் சொல்லப் பழகியவரிடம், 'காந்தியே சட்டத்தை மீறினாரே' என்று சொல்லி யாரும் ஏய்க்க முடியாது. உப்புச் சட்டத்தை உடைத்த அதே ராஜாஜிதான் 1937-ல் முதல்வராகி, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். எல்லாச் சட்டமும் நல்லதும் அல்ல, எல்லாச் சட்டமும் கெட்டதும் அல்ல. ஒவ்வொன்றையும் அதனதன் காரணத்தை வைத்துத்தான் நிறுக்க முடியும்.

இவ்வளவு யோசித்துக்கொண்டே இருந்தால் எப்போது முடிவெடுப்பது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு உங்கள் வீட்டுத் தொழிலே வழி காட்டுகிறது. உப்பளத்து அடர்த்திமானியில் கடல்நீர் சுமார் 3 டிகிரி காட்டும். வெயிலில் காய்ந்து 25 டிகிரிக்கு வரும்வரை பாத்தியில் உப்பு இறங்காது. அதை எட்டுவதற்குள் அவசரப்பட்டுப் பலகையைப் போட்டால் வாருவதற்கு ஒன்றும் இருக்காது. 30 டிகிரியை நெருங்கியும் அந்தத் தண்ணீரை வெளியேற்றாமல் விட்டால் மக்னீசியக் கசப்பு உப்பில் ஏறிவிடும். அற விசாரணைக்கும் அப்படி ஒரு பக்குவம் இருக்கிறது. விவரம் தெரியாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எல்லா விவரமும் வரட்டும் என்று காத்திருப்பதாகச் சொல்லித் தப்பிக்கவும் கூடாது. துக்க வீட்டில் பிள்ளைகளுக்கு இன்றைக்கே அரிசி வேண்டும். கிடைத்த விவரத்தை வைத்து இன்று செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, நாளை புது விவரம் வந்தால் முடிவை மாற்றிக்கொள்ளும் தைரியமும் சேர்ந்ததுதான் தெளிவு.

அறவியல் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். குடிமைப்பணித் தேர்வில் 2013-லிருந்து அறவியலுக்கு 250 மதிப்பெண்ணுக்குத் தனித் தாளே வந்துவிட்டது. அதனால் பல பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு பாடமாகப் பார்க்கிறார்கள். டிராம் வண்டியைத் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். சிக்கலைத் தனியே பிரித்தெடுத்துக் காட்ட அது நல்ல கருவி. ஆனால் அந்த வாரமே பிள்ளைகளின் ஊரிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து வரச் சொல்லுங்கள். மீன்பிடித் தடைக்கால நிவாரணம், உப்பளக் கூலி, கழுவெளி பறவைகள் சரணாலயத்தின் ஓரத்தில் பயிர் வைப்பவர்களுக்கும் பறவைகளுக்கும் உள்ள வழக்கு என்று மரக்காணம் கடற்கரையில் மட்டுமே ஒரு பருவத்துக்குப் போதுமான பாடம் இருக்கிறது. டிராம் கதையில் தவறான பதில் சொன்னால் யாருக்கும் நோகாது. ஊர்க் கேள்வியில் எதிரே உட்கார்ந்திருப்பது பெரியப்பா, அவருக்கு வலிக்கும். வலிக்காமல் உண்மையைப் பேசுவது எப்படி, வலித்தாலும் பேச வேண்டியது எது என்று அங்கேதான் பழக முடியும்.

வாசகர்களே, உங்களிடமும் ஒரு வேலை கேட்கிறேன். இந்தப் பத்து லட்சம் கேள்விக்கு உங்கள் பதிலை எழுதி அனுப்புங்கள். ஒரே ஒரு நிபந்தனை: கடிதத்தின் முதல் பாதியில் உங்களுக்கு எதிரான கருத்தை, அந்தக் கருத்து உள்ளவரே படித்துவிட்டு 'ஆமாம், நான் நினைப்பது இதுதான்' என்று சொல்லும்படி எழுதுங்கள். இரண்டாம் பாதியில் உங்கள் பதிலை வையுங்கள். வசை இருக்கும் கடிதம் அச்சேறாது. கட்சி எது என்று நாங்கள் பார்க்க மாட்டோம். என் முடிவை மறுக்கும் கடிதங்களுக்கு முதல் இடம் தருகிறேன்.

அனுமந்தை மாணவிக்கு ஒரு சொல். பெரியப்பாவிடம் மறுபடி பேசுங்கள். அவர் கேள்வியில் எது சரி என்பதை முதலில் சொல்லுங்கள், பிறகு எங்கே வேறுபடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர் சொல்லும் பதிலை அவர் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்